அப்பா வீட்டுப் பிளக்

"ஏம்மா, பிளக் இல்லாத வீடா இது? அடுப்படியில ரெண்டு, ஹால்ல மூணு. எங்க வேணும்னாலும் சொருகிக்கோ."

மின்சாரக் காரை முதன்முதலாகச் சுங்கை சிப்புட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனபோது அப்பா சொன்னது இது. பேத்திக்கு மைலோ கலக்கிக் கொடுப்பதைப் போல, வந்து நிற்கும் காருக்கும் ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டும் என்ற அக்கறை அவருக்கு. கோலாலம்பூரிலிருந்து 230 கிலோமீட்டர் ஓடி வந்த காரில் கால்வாசி மின்சாரம்தான் மிச்சம் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சு: கையோடு எடுத்துப் போகும் சார்ஜர் ஒன்று வாங்கலாமா, வேண்டாமா? கணவர் வாங்கலாம் என்றார். நான் இழுத்தேன். நான்கு மாதம் இழுத்தேன். ஃபிரிட்ஜ் வாங்கும்போதுகூட நான் இவ்வளவு யோசித்ததில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். காலை நிகழ்ச்சியில் இதைப் பற்றிப் பேசியபோது நேயர்கள் பலர் மூன்று வெவ்வேறு கேபிள்களை ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பொதுச் சார்ஜரில் சொருக, இரண்டு முனையிலும் 'டைப் 2' வாய் உள்ள கேபிள் ஒன்று. அதைக் கொண்டுபோய் வீட்டு பிளக்கில் ஒன்றும் செய்ய முடியாது. காரிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுத்து, கேம்பிங்கில் கெட்டில் போட உதவுவது இன்னொன்று. நாம் பேசுவது மூன்றாவது வகை. ஒரு முனையில் நம் வீட்டு மூன்று கால் பிளக், மறுமுனையில் காருக்கான வாய், நடுவில் செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி. சில கார்களோடு இதை இலவசமாகவே தருகிறார்கள். கடைக்குப் போகுமுன் உங்கள் காரின் பின்பெட்டியைத் திறந்து, அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். எங்கள் காரில் இல்லை.

எங்களுக்கு இது எதற்குத் தேவை என்று கேட்டால், நாங்கள் இருப்பது கொண்டோவில். வாரநாட்களில் அலுவலக அடித்தளத்தில் சார்ஜ் செய்துகொள்கிறேன். சிக்கல் ஊருக்குப் போகும்போதுதான். நெடுஞ்சாலையில் தாப்பா பக்கம் வேகச் சார்ஜர் உண்டு, ஈப்போவிலும் உண்டு. ஆனால் பெருநாள் காலத்தில் அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊரில் இருக்கும்போது ஈப்போவுக்குப் போய்வர ஒரு மணி நேரம், சார்ஜ் ஏற முக்கால் மணி நேரம், காத்திருப்பு தனி. அப்பா அம்மாவோடு இருக்கத்தான் போகிறோம். அந்த இரண்டு நாளில் இரண்டு மணி நேரத்தைப் பேரங்காடி கார் நிறுத்துமிடத்தில் கழிக்க மனம் வரவில்லை.

கணக்கு இப்படி. 10 ஆம்பியரில் சார்ஜ் செய்தால் பிளக்கிலிருந்து 2.3 கிலோவாட் வரும். வழியில் கொஞ்சம் வீணாகி, பேட்டரிக்குள் மணிக்குச் சுமார் 2 யூனிட் போய்ச் சேரும். அதாவது மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் ஓடும் தெம்பு. வேகச் சார்ஜரில் பழகியவர்களுக்கு இது ஆமை வேகம். ஆனால் இரவு எட்டு மணிக்குச் சொருகிக் காலை எட்டுக்குக் கழற்றினால், எங்கள் 50 யூனிட் பேட்டரியில் ஏறக்குறைய பாதி நிறைந்துவிடும். இரண்டு இரவு தங்கினால் தாராளம். தூங்கும் நேரத்தில் நடக்கிற வேலைக்கு வேகம் எதற்கு?

இதுவரை எல்லாம் 'வாங்கு' என்றுதான் சொல்கிறது. நான் தயங்கியதற்குக் காரணம் போன தீபாவளிக்கு முதல் நாள் இரவு.

அத்தை மகன் தன்னிடமிருந்த கேபிளைக் கொண்டுவந்தான். இணையத்தில் மலிவாக வாங்கியது. அடுப்படி பிளக்கில் போட்டோம். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. 'எர்த்' இல்லை என்று அர்த்தமாம். "அதைக் கண்டுக்காத மாதிரி செட் பண்ணிடலாம் அக்கா, நான் அப்படித்தான் போடுவேன்" என்றான். வேண்டாம் என்று ஹால் பிளக்குக்கு மாற்றினோம். பச்சை விளக்கு வந்தது. கேபிள் எட்டாததால் கம்பி சுற்றிவைக்கும் ஓர் எக்ஸ்டென்ஷன் உருளையை நடுவில் போட்டோம். அதிலும் பாதிக் கம்பி சுருட்டியபடியே இருந்தது. சீக்கிரம் ஏறட்டும் என்று 13 ஆம்பியரில் வைத்தோம். இப்போது எழுதும்போது ஒவ்வொரு வரியும் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அதிகாலை ஒன்றரை மணிக்கு அம்மா என்னை எழுப்பினார். முறுக்கு எண்ணெய் வாடையையும் மீறி, ஏதோ பிளாஸ்டிக் கருகும் வாடை. ஹால் பிளக்கின் வெள்ளைத் தட்டு பழுப்பாகியிருந்தது. நல்ல வேளை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தொட்டோம். பிளக்கின் பித்தளைக் கால் அப்போதும் சுட்டது. அதிலிருந்து நான்கடி தூரத்தில் மெத்தை விரித்து என் மகளும் அண்ணன் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பெருநாள் முடிந்ததும் அப்பாவுக்குத் தெரிந்த, உரிமம் பெற்ற வயரிங் அண்ணன் ஒருவரை வரவழைத்தோம். அவர் சொன்ன விளக்கம் எனக்கு அப்படியே பதிந்துவிட்டது. "கெட்டிலும் இதே அளவு கரண்டைத்தான் இழுக்குது. ஆனா நாலு நிமிஷத்துல நிறுத்திடுது. அயன் பாக்ஸ் சூடானதும் தானா நிக்குது. உங்க காரு பத்து மணி நேரம் நிக்காம இழுக்குது. அது வேற கதை." பழைய பிளக்கின் உள்ளே இருக்கும் பிடி, வருடக்கணக்கில் இழுத்துச் சொருகித் தளர்ந்திருக்கும். அந்தத் தளர்ந்த தொடுப்பில் 0.2 ஓம் தடை இருந்தாலே போதும், 10 ஆம்பியர் ஓடும்போது 20 வாட் சூடு அந்த இடத்தில் பிறக்கும். ஒரு சின்ன சால்டரிங் கோலைச் சுவருக்குள் வைத்து விடிய விடிய எரியவிட்டது போல. உருளையில் சுருட்டிய கம்பிக்கும் இதே கதிதான், சூடு வெளியேற வழியில்லை.

பிறகு அவர் மீட்டர் பெட்டிக்குப் போனார். மின்கசிவு ஏற்பட்டால் மொத்த வீட்டையும் துண்டிக்க வேண்டிய கருவி, ஆர்சிசிபி, அங்கே இருந்தது. அதன் 'டெஸ்ட்' பட்டனை அழுத்தினார். விசை விழவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். அசையவே இல்லை.

"கடைசியா எப்போ அழுத்திப் பாத்தீங்க?"

"அதையெல்லாம் அழுத்துவாங்களா?" என்று கேட்டார் அப்பா.

தொண்ணூறுகளில், தோட்டத்தை விட்டு வெளியே வந்து, இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் கட்டிய வீடு அது. அந்தக் கருவி எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. அம்மா ஈரக் கையோடு சலவை இயந்திரத்தைத் தொட்ட நாட்களை எண்ணிப் பார்த்தேன். வெளியே புதைத்திருந்த எர்த் கம்பியும் துருப்பிடித்து அற்றுப்போயிருந்தது. அடுப்படியில் எரிந்த சிவப்பு விளக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அதை வாய்மூட வைக்கத்தான் அத்தை மகன் பார்த்தான்.

ஆகவே நாங்கள் முதலில் வாங்கியது சார்ஜர் அல்ல. புதிய ஆர்சிசிபி, புதிய எர்த் கம்பி, மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடத்துக்கு நேராக ஒரு தனி இணைப்பு, அதன் முனையில் மழை படாத மூடியோடு ஒரு பிளக். மொத்தம் 650 வெள்ளி. அதற்குப் பிறகுதான் 900 வெள்ளிக்குச் சார்ஜர்.

மலிவாக 300 வெள்ளிக்கும் கிடைத்தது. நான் கடைக்காரரிடம் கேட்டவை சில. பிளக்கின் உள்ளேயே வெப்பத்தை உணரும் சென்சார் இருக்கிறதா? சூடு ஏறினால் தானே குறைத்துக்கொள்ள வேண்டும். ஆம்பியரை 6, 8, 10 என்று குறைத்து வைக்க முடிகிறதா? பிளக்கில் சிரிம் முத்திரை இருக்கிறதா? வெளிநாட்டு பிளக்கை அடாப்டர் வழியாக மாட்டும் ரகம் என்றால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நடுப்பெட்டி ஐஇசி 62752 தரத்தில் செய்ததா என்றும் பார்த்தேன். இது முக்கியம். காரிலிருந்து கசியக்கூடிய ஒருவகை நேர்மின்சாரத்தைச் சாதாரண வீட்டு ஆர்சிசிபியால் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்காதது மட்டுமல்ல, அதனால் மற்ற கசிவுகளுக்கும் குருடாகிவிடும். நல்ல பெட்டி அதைத் தானே கவனித்துத் துண்டித்துவிடும். 13 ஆம்பியர் என்ற எண்ணை நான் இனி தொடுவதில்லை. 10 போதும், முன்பின் தெரியாத வீட்டு பிளக் என்றால் 8 அல்லது 6.

பணம் மிச்சமாகுமா என்று கேட்பவர்களுக்கு: கொஞ்சம். ஊர் வீட்டில் ஒரு யூனிட் ஏறக்குறைய 45 சென். வேகச் சார்ஜரில் ஒரு வெள்ளி இருபது சென்னுக்கு மேல். ஒரு பயணத்துக்கு இருபது வெள்ளி சொச்சம் மிஞ்சுகிறது. மாதம் இரண்டு முறை போகும் எங்களுக்கே 1,550 வெள்ளியைத் திரும்ப எடுக்க மூன்று வருடம் ஆகும். தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் ஊருக்குப் போகிறவர் என்றால், இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு ஈப்போவில் வரிசையில் நில்லுங்கள், அதுதான் லாபம்.

சொந்தத் தரைவீட்டில் இருந்துகொண்டு தினமும் சார்ஜ் செய்கிறவர்களுக்கு இது சரியான பொருளே அல்ல. சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜர்தான் அவர்களுக்கு. மின்வாகனச் சார்ஜர் வாங்கிப் பொருத்தும் செலவுக்கு 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை 2,500 வெள்ளி வரி விலக்கும் உண்டு, ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். வாடகை வீட்டில் இருப்பவருக்குத்தான் இந்தக் கையடக்கச் சார்ஜர் பெரிய உதவி, வீடு மாறும்போது கூடவே வரும். அதுவும் வீட்டுக்காரரிடம் சொல்லி, வயரிங்கைப் பார்த்த பிறகு. கொண்டோவில் பொது பிளக்கிலிருந்து இரவோடு இரவாகக் கேபிள் இழுக்கும் அன்பர்கள் சிலரை எனக்குத் தெரியும். நிர்வாகக் குழுவின் அனுமதி இல்லாமல் அப்படிச் செய்வதற்கு ஒரே பெயர்தான், மற்றவர் மின்சாரத்தைத் திருடுவது.

உறவினர் வீடு என்றால் இன்னொரு சங்கடம். மாமியார் வீட்டில் பழகிய பிறகு ஒருவழியாகக் கேட்டுவிடலாம். சம்பந்தி வீட்டில் போய், சாப்பிட்ட கையோடு "ஒரு பிளக் கிடைக்குமா?" என்று கேட்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

அப்பாவிடம் அந்தக் கூச்சம் இல்லைதான், ஆனால் காசு கொடுத்தால் வாங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது முருகன் படத்துக்கு அடியில் இருபது வெள்ளி வைத்துவிட்டு வருகிறேன். அடுத்த பயணத்தில் அது என் மகளின் கையில் ஊதா நிற தீபாவளி அன்பளிப்பு உறைக்குள் இருக்கிறது. தீபாவளி முடிந்து எத்தனை மாதம் ஆனாலும் அவரிடம் அந்த உறை தீருவதில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மாலையில் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தும் வேலையையும் அப்பா எடுத்துக்கொண்டார். 'டக்' என்று வீடு முழுக்க இருண்டதும் எனக்குப் போன் செய்து சொல்கிறார். தன் நாடகம் ஓடும் நேரமாகப் பார்த்துத்தான் அழுத்துகிறார் என்பது அம்மாவின் புகார்.