நாடாவின் மேல் நடை

சென்ற ஆண்டு ராமநகரத்துக் கருங்கற் பாறையொன்றின் நடுவே, இடுப்பில் கயிறு கட்டியபடி, கால்மணி நேரம் அசையாது நின்றேன். மேலே ஏறத் துணிவில்லை. கீழே இறங்க மனமில்லை. அப்பாறை செங்குத்தானதன்று, சாய்வானது, சங்கடமும் அதுவே. சாய்வுப் பாறையில் கைக்குப் பிடி கிடைப்பதில்லை. பாதத்தை நம்பி உடலின் பாரத்தை மாற்றினால்தான் அடுத்த அடி. என் வலக்காலோ தையல் இயந்திரத்தின் மிதிபலகை போல ஆடிற்று. பார்சல் ஆபீஸில் பத்தாண்டுகளுக்கு மேலாக நாற்காலியின் கீழே சும்மா இருந்த கால் அது. அதனை அதிகம் குறைகூறுவதற்கில்லை.

பெங்களூரில் வாழும் நம் அன்பர்களிற் பலர் ராமநகரத்தை மைசூர் ரயிலின் ஜன்னல் வழியே பார்த்திருப்பார்கள். அங்கே ஞாயிறுகளில் பாறையேறுவோர் கூட்டத்தில் நானும் ஒருவன். அன்று என்னைக் கீழே இறக்கிவிட்ட நண்பர்தாம், "காலை நம்பப் பழகவேண்டுமானால் ஸ்லாக்லைன் பழகுங்கள்" என்றார்.

நம் ஊர்த் தெருக்களில் கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடந்ததை நாம் கண்டிருக்கிறோம். அக்கயிறு விறைப்பானது, கையில் நீண்ட கழியும் உண்டு. இதுவோ ஓர் அங்குல அகலமுள்ள தட்டையான நைலான் நாடா. இரு மரங்களுக்கிடையே முழங்கால் உயரத்தில் கட்டப்படுவது. கால் வைத்தால் தாழும், இழுபடும், இருபுறமும் ஊசலாடும். கழி கிடையாது, கைகளே கழி.

இதனைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களும் பாறையேறுவோரே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் யோசெமிட்டி என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அங்கே நான்காம் முகாமில் தங்கிய இளைஞர்கள், பாறையேறாத வேளைகளில், வண்டி நிறுத்துமிடத்துச் சங்கிலிகளின் மேல் நடந்து பொழுதுபோக்கினர். சங்கிலிக்குப் பதிலாகத் தாங்கள் ஏறப் பயன்படுத்திய நைலான் நாடாவையே கட்டி நடக்கும் வழக்கத்தைப் பரப்பியவர்களென ஆடம் குரோசோவ்ஸ்கி, ஜெப் எலிங்டன் ஆகிய இருவரைக் கூறுவர். 1985-இல் ஸ்காட் பால்கம் என்பவர், அப்பள்ளத்தாக்கின் லாஸ்ட் ஏரோ என்னும் கற்கூம்புக்கும் அருகிலுள்ள மலைவிளிம்புக்கும் இடையே நாடா கட்டி, இடுப்பிற் காவற் கயிறு பூண்டு நடந்து கடந்தார். தரை சுமார் 2,900 அடி கீழே! நமக்கு முழங்கால் உயரமே போதும்.

ஆர்வ மிகுதியால் நான் செய்த பிழையொன்றை மறைக்காது கூறுகிறேன். முதன்முதலில், குடியிருப்பின் பின்புறம், துணி உலர்த்தும் இரும்புக் கம்பத்தில் நாடாவின் ஒரு முனையைக் கட்டினேன். லாரியிற் சரக்கை இறுக்கும் ராட்செட் கருவி போன்றதே இதற்கும். விறைப்பாக இருந்தால் பத்திரமென்றெண்ணி, கைவலிக்க இறுக்கினேன். மூன்றாம் முறை ஏறியபோது கம்பம் அடியோடு பெயர்ந்தது. ராட்செட் பறந்து, பக்கத்தில் நின்ற என் பத்து வயது மகனின் காதோரமாகச் சென்று சுவரில் மோதிற்று. அவன் அழவில்லை. நான்தான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிரவு, மெட்ரிகுலேஷனில் படித்த கணக்கை நினைவுகூர்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 10 மீட்டர் நாடாவின் நடுவே 70 கிலோ எடையுள்ளவர் நிற்க, அது அரை மீட்டர் தாழ்ந்தால், ஒவ்வொரு முனையையும் இழுக்கும் விசை சுமார் 350 கிலோ பாரத்துக்கு ஒப்பாகும். இன்னும் இறுக்கிக் கட்டி, கால் மீட்டரே தாழுமாயின் 700 கிலோ! கம்பத்தின் மீது குற்றமில்லை. கதவுத் தூண், மாடிக் கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டியின் கால் எதுவும் இதற்கு ஆகாது. ஓரடிக்குக் குறையாத குறுக்களவுள்ள உயிர்மரமே வேண்டும்; பட்டை நசுங்காதிருக்கப் பழைய சாக்கையோ ஜமுக்காளத்தையோ சுற்றவேண்டும். நாடாவின் நேர்க்கோட்டில், முனைகளுக்கு அப்பால், குழந்தைகளை நிறுத்தலாகாது.

இப்பொழுது எங்கள் குடியிருப்பின் தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டு எனக்கு ஆசான்கள். முதல் பதினைந்து நாட்களும் நடக்க முயலவில்லை; ஒற்றைக் காலில் நிற்பதே பாடம். வெறுங்கால், சற்றே மடங்கிய முழங்கால், தோளுக்கு மேல் உயர்ந்த கைகள். பார்வை பாதத்தில் விழுந்தால் அடுத்த கணம் நாமும் விழுவோம். எதிர் மரத்திலேயே கண் நிலைக்கவேண்டும். சாயும்பொழுது நாடாவைப் பற்றிக்கொள்ள முயலாமல் குதித்து இறங்கிவிடுவது நலம். மூச்சை அடக்கினால் நடுக்கம் கூடுகிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நாடாவே சொல்லிற்று.

"ஆபீஸ் போதாதென்று கழைக்கூத்துமா?" என்றாள் என் மனைவி. கம்பம் பெயர்ந்ததற்குப் பின் அவள் ஒன்றும் பேசவில்லை. அது இன்னும் கடினமாயிருந்தது. மரத்துக்குச் சாக்கு சுற்றிய பிறகுதான் மறுபடி வந்து பார்த்தாள்.

ஐந்து மாதங்களுக்குப் பின் அதே பாறைக்குச் சென்றேன். விரல் வலிமை பழையபடிதான் இருந்தது; பிடிகள் மிகுந்த செங்குத்துப் பாறையில் இன்றும் நான் மந்தமே. நாடா நடந்தால் பாறை வசமாகும் என்று சொல்வோரை நான் நம்புவதில்லை. ஆனால் அந்தச் சாய்விடத்தில், நான் நின்று நடுங்கிய அதே மடிப்பில், கால் சிறிது ஆடியது; மூச்சை விட்டேன்; ஆட்டம் நின்றது; பாரத்தை மாற்றினேன். மேலே சென்றபின் கீழே பார்த்தபொழுதுதான் அவ்விடத்தைக் கடந்துவிட்டது தெரிந்தது.

மகன் இப்பொழுது நாடாவின் முழு நீளமும் போய்த் திரும்புகிறான். ஞாயிறு காலை பாறைக்குப் போகாத நாட்களில் ஆறரை மணிக்குக் கட்டுகிறோம். வருவோர் பழைய சாக்கு ஒன்று கொண்டுவந்தால் உதவியாயிருக்கும்.