தாத்தா சைக்கிளுக்கு மறுபிறவி!

செமஸ்டர் லீவு விட்டாச்சா? தாம்பரத்தில் மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கியிருக்கும். மாடிப்படிக்கு அடியில் துருப்பிடிச்சுக் கிடக்கிற தாத்தாவின் ஹெர்குலிஸைக் காயலான் கடைக்குத் தள்ளிடாதீங்க பாஸ்! 1949-ல் தொடங்கின டி.ஐ. சைக்கிள்ஸ், நம்ம அம்பத்தூரிலேயே தயாரிச்ச பிராண்ட் அது.

அவசரப்பட்டு பெயின்ட் அடிக்காதீங்க. பழைய எழுத்தும் கோடும் மறைஞ்சா திரும்பக் கிடைக்காது. முதலில் அழுக்கைத் துடைங்க. ஹப்பைப் பிரிச்சு, புது கிரீஸ், புது பால்ரஸ் குண்டு போடுங்க. ஸ்போக்ஸ் கம்பியை எண்ணிப் பாருங்க. பெரும்பாலும் முன்னால் 32, பின்னால் 40. பாரம் பின்னால்தானே! பிரேக் கட்டை கட்டாயம் புதுசு, ஜி.எஸ்.டி. ரோடு விளையாட்டு இல்லை.

ஸ்டைலா மாத்தணுமா? சீட், பெல், லைட்... கழற்றி மாட்ட முடிஞ்சதை மட்டும் மாத்துங்க. பிரேம் தாத்தாவோடது, பெல் சத்தம் உங்களோடது!