பன்னுக்கு வரி இல்லை, க்ரீம் வெச்சா 18%... அமைச்சர் கூட்டத்தில் கேள்வி கேட்டால் மன்னிப்பு கேட்கணுமா? சட்டம் என்ன சொல்கிறது?

கோவை காந்திபுரத்தில் பஸ் ஏற வந்தவர்களுக்குத் தெரியும். கிராஸ்கட் ரோடு, நூறடி ரோடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பேக்கரி இருக்கும். ஒரு டீ, ஒரு பன். கொங்கு மண்டலத்தில் பாதிப் பேருக்கு மாலை நேரம் அப்படித்தான் போகும். அந்த பன்னுக்குள் தடவும் க்ரீம் ஒருநாள் தேசிய அரசியல் விவாதமாக மாறும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மாறியது 2024 செப்டம்பரில். அந்தச் சம்பவத்தை எல்லோரும் மீம்ஸாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம். ஆனால் அதில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அமைச்சர் ஒருவர் மக்களைக் கூப்பிட்டு, குறை இருந்தால் சொல்லுங்கள் என்கிறார். ஒருவர் எழுந்து சொல்கிறார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் என்ன கடமை? எது நாகரிகம், எது அத்துமீறல்?

கோவையில் நடந்தது என்ன?

2024 செப்டம்பர் 11. மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கோவையில் தொழில் அமைப்புகளின் பிரதிநிதிகளைச் சந்தித்தார். அந்தக் கலந்துரையாடலில் அன்னபூர்ணா ஓட்டல் குழுமத்தின் தலைவர் சீனிவாசன், ஓட்டல்காரர்கள் சார்பில் பேசினார். இனிப்புக்கு ஒரு வரி, காரத்துக்கு ஒரு வரி, பன்னுக்கு வரியே கிடையாது, அதற்குள் க்ரீம் வைத்தால் 18 சதவீதம். பில் போடுவதற்குள் கம்ப்யூட்டரே திணறுகிறது என்றார். க்ரீமையும் பன்னையும் தனித்தனியாகக் கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று வாடிக்கையாளர்கள் கேட்பதாகவும் சொன்னார். அப்போது கோவை தெற்கு எம்.எல்.ஏ.வாக இருந்த வானதி சீனிவாசன் தங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளர் என்று சொல்லி, அவரையும் கிண்டலில் இழுத்தார். அரங்கமே சிரித்தது.

அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அடுத்த நாள் அமைச்சரை அவர் தனியாகச் சந்தித்தார். அங்கே வருத்தம் தெரிவித்து, தான் எந்தக் கட்சியையும் சேர்ந்தவன் இல்லை என்று அவர் விளக்கும் காட்சியும் வீடியோவாக வெளியானது. முதல் வீடியோவைப் பார்த்துச் சிரித்த ஊர், இரண்டாவதைப் பார்த்து கொதித்தது. ராகுல் காந்தி, முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் என எதிர்த்தரப்புத் தலைவர்கள் கண்டித்தார்கள். பாஜக தரப்போ, அவராகவே நேரம் கேட்டு வந்து சந்தித்தார், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றது. ஓட்டல் தரப்பும் பின்னர் அதே தொனியில் விளக்கம் கொடுத்து, விஷயத்தை முடித்துக்கொள்ள விரும்பியது.

அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை, தனிப்பட்ட உரையாடல் வெளியே வந்ததற்காக எக்ஸ் தளத்தில் மன்னிப்பு கேட்டார். அமைச்சரும், சீனிவாசன் தன் பாணியில் பேசினார், அதில் தவறில்லை என்ற பொருளில்தான் செய்தியாளர்களிடம் பேசியிருந்தார். அப்படியென்றால் மன்னிப்பு எதற்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அது கட்சிக் கூட்டமா, அரசுக் கூட்டமா?

நம் ஊரில் மேடை போட்டு மைக் வைத்தால் எல்லாமே 'கூட்டம்'தான். ஆனால் மூன்று வகை இருக்கிறது. மூன்றிலும் நம் இடம் வேறு வேறு.

முதலாவது, கட்சிப் பொதுக்கூட்டம். செலவு அவர்களுடையது, மேடையும் அவர்களுடையது. நாம் கேட்க வந்தவர்கள். இரண்டாவது, அமைச்சரோ கலெக்டரோ பதவியின் பேரில் நடத்தும் கலந்துரையாடல், குறைதீர்ப்பு நாள். அங்கே பேசுவதே நம் வேலை, கேட்பது அவர்கள் வேலை. மூன்றாவது கிராம சபை. இங்கே நாம் விருந்தாளிகூட இல்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால், நீங்கள் அந்தச் சபையின் உறுப்பினர். சூலூர், அன்னூர் பக்கம் கிராம சபையில் எழுந்து கணக்கு கேட்பவர் யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

கோவை கலந்துரையாடல் இரண்டாவது வகை. நிதியமைச்சர் அங்கே வந்தது ஜிஎஸ்டி பற்றிய முடிவுகளில் பங்குள்ளவர் என்ற முறையில். கேள்வியும் ஜிஎஸ்டி பற்றியது. கேட்டவர் அந்த வரியை வசூலித்துக் கட்டுகிறவர். இதைவிடப் பொருத்தமான இடத்தில் இதைவிடப் பொருத்தமான கேள்வி கேட்க முடியாது.

கிண்டல் கலந்து கேட்டாரே என்று சிலர் சொன்னார்கள். பேச்சுரிமையை எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவு வரிசையாகச் சொல்கிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று போகும் அந்தப் பட்டியலில், மேடையில் இருப்பவருக்கு ஏற்படும் தர்மசங்கடம் இல்லை.

அப்போ எது அத்துமீறல்?

இதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 127-வது பிரிவு தேர்தல் காலத்துக்கானது. தேர்தல் அறிவிக்கை வந்ததில் இருந்து வாக்குப்பதிவு வரை நடக்கும் அரசியல் பொதுக்கூட்டத்தில், கூட்டத்தை நடத்தவே விடக்கூடாது என்ற நோக்கத்தோடு ஒழுங்கீனமாக நடந்தால், அல்லது மற்றவர்களைத் தூண்டினால், 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூட்டத் தலைவர் கேட்டுக்கொண்டால், சந்தேகப்படும் நபரின் பெயர், முகவரியை போலீஸ் கேட்கலாம். சொல்ல மறுத்தால் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம்.

கவனிக்க வேண்டியது 'நடத்த விடாமல் செய்யும் நோக்கம்' என்பதை. ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர் இதில் வரமாட்டார். பதில் சொல்ல விடாமல் அரை மணி நேரம் கோஷம் போடுகிறவர் வருவார்.

தேர்தல் நடத்தை விதிகளில் இன்னொரு சுவாரஸ்யமான வரி இருக்கிறது. ஒரு கட்சியின் தொண்டர்களோ ஆதரவாளர்களோ, இன்னொரு கட்சியின் பொதுக்கூட்டத்தில் வாய்மொழியாகவோ எழுத்திலோ கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது, தங்கள் நோட்டீஸைக் கொடுக்கக் கூடாது என்கிறது அது. அதாவது, எதிர்க்கட்சித் தொண்டர் கேட்டால் அது கலாட்டா கணக்கில் சேரலாம். சாதாரண வாக்காளர் கேட்பதற்கு அந்தத் தடை இல்லை.

இதைத் தெரிந்துகொண்டால், அந்த இரண்டாவது வீடியோ வேறு மாதிரி தெரியும். தேர்தல் நேரமும் இல்லை, கட்சிக் கூட்டமும் இல்லை. ஆனாலும் ஒரு தொழிலதிபர், நான் எந்தக் கட்சியும் இல்லை என்று தன்னை நிரூபிக்க வேண்டி வந்தது. கேள்வி சரியா தப்பா என்று பார்ப்பதற்கு முன்னால், கேட்டவன் யார் ஆள் என்று பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இது ஒரு கட்சியின் வியாதி மட்டும் இல்லை. கிராம சபையில் குடிநீர்க் குழாய் பற்றிக் கேட்கிறவருக்கும் இதே கதிதான்.

கூட்டம் என்றால் போலீஸுக்கு என்ன வேலை?

கூட்டம் என்றதும் இப்போது பலருக்கு கரூர்தான் நினைவுக்கு வரும். 2025 செப்டம்பர் 27 அன்று தவெக பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 உயிர்கள் போயின. கூட்டப் பாதுகாப்பு என்பது தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம். இங்கே பார்க்க வேண்டியது, அனுமதி கொடுக்கும் அதிகாரத்தின் எல்லையை மட்டும்.

கோவை மாநகரில் கூட்டம், ஊர்வலம் நடத்த மாநகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவின் கீழ் கமிஷனர் கட்டுப்பாடு விதிக்கலாம். ஆனால் ஒழுங்குபடுத்துவது வேறு, வாயை அடைப்பது வேறு. 1972-ல் அகமதாபாத் வழக்கு ஒன்றில் (ஹிம்மத்லால் ஷா வழக்கு) உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை நியாயமான விதிகளால் ஒழுங்குபடுத்தலாம். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதை அதிகாரியின் இஷ்டத்துக்கு விட முடியாது. 1989-ல் 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் தொடர்பான வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. எதிர்ப்பவர்கள் கலாட்டா செய்வார்கள் என்று சொல்லி பேசுகிறவரை நிறுத்த முடியாது, பேச்சுரிமையைக் காப்பது அரசின் பொறுப்பு என்றது.

சரி, பன் கேள்விக்கு பதில் சொல்ல வேண்டியது யார்?

ஜிஎஸ்டி விகிதத்தை நிதியமைச்சர் தனியாக முடிவு செய்வதில்லை. அரசியல் சாசனத்தின் 279ஏ பிரிவின்படி ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்கிறது. மத்திய நிதியமைச்சர் அதன் தலைவர். 28 மாநிலங்களும், சட்டமன்றம் உள்ள 3 யூனியன் பிரதேசங்களும் உறுப்பினர்கள். ஓட்டெடுப்பு என்று வந்தால் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் 66.6 சதவீதம்தான் வரும், 75 வராது. மத்திய அரசு தனியாக 33.3. ஆகவே மத்திய அரசு ஒப்புக்கொள்ளாமல் எதுவும் நகராது, மத்திய அரசு மட்டும் நினைத்தாலும் நகராது. 'என் கையில் இல்லை' என்று அமைச்சரும் முழுசாகச் சொல்ல முடியாது. 'எல்லாம் டெல்லி செய்த வேலை' என்று மாநில அமைச்சரும் முழுசாகச் சொல்ல முடியாது. அவரும் அதே கவுன்சிலில் உட்கார்ந்திருக்கிறார். (கவுன்சிலின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையும் சட்டமன்றங்களையும் கட்டுப்படுத்தாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் மோஹித் மினரல்ஸ் வழக்கில் சொன்னது தனிக்கதை.)

இன்னொன்று. இப்படிப்பட்ட கேள்வி கோமாளித்தனமும் இல்லை. எது ரொட்டி, எது தின்பண்டம் என்று பிரித்து வரி போடும் எந்த நாட்டிலும் இந்தச் சிக்கல் வரும். பிரிட்டனில் கேக்குக்கு வாட் வரி கிடையாது, சாக்லேட் பூசிய பிஸ்கெட்டுக்கு உண்டு. 'ஜாஃபா கேக்' எது என்று 1991-ல் தீர்ப்பாயம் உட்கார்ந்து விசாரித்து, கேக்தான் என்று முடிவு செய்தது. நம்மிடம் பரோட்டா. 2020-ல் கர்நாடகாவின் முன்தீர்ப்பு ஆணையம் பரோட்டா வேறு, ரொட்டி வேறு, 18 சதவீதம் கட்டு என்றது. 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் 5 சதவீதம் போதும் என்றது. நீதிபதிகளே உட்கார்ந்து யோசிக்கும் கேள்வியை ஓட்டல்காரர் கேட்டால் அதில் என்ன குறை?

கேள்வி எங்கே போய் நின்றது?

2025 செப்டம்பர் 3 அன்று நடந்த 56-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் 12, 28 சதவீத அடுக்குகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது. செப்டம்பர் 22 முதல் அமலானது. கேக், பேஸ்ட்ரி, பிஸ்கெட் வகைகள் 18-ல் இருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. மிக்சர் போன்ற கார வகைகள் 12-ல் இருந்து 5. பரோட்டாவுக்கு, சப்பாத்திக்கு வரியே இல்லை. இனிப்புக்கும் காரத்துக்கும் இப்போது ஒரே வரி. சீனிவாசன் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டிய இடைவெளி, ஒரு வருடம் கழித்து பெரும்பாலும் மூடப்பட்டது. அவர் கேட்டதால்தான் குறைந்தது என்று சொல்ல முடியாது. விகிதங்களைச் சீரமைக்கும் பேச்சு அதற்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

நீங்கள் கேட்க வேண்டி வந்தால்?

எந்த வகைக் கூட்டம் என்று முதலில் பாருங்கள். பெயர், ஊர், உங்களுக்கும் விஷயத்துக்கும் என்ன தொடர்பு என்று சொல்லி, ஒரே கேள்வியாகக் கேளுங்கள். பில், மனு நகல், தேதி கையில் இருந்தால் கேள்விக்கு எடை கூடும். வாயால் கேட்டதையே எழுதியும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். மேடையில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். மாநில அரசு சம்பந்தப்பட்டது என்றால் 1100 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளும் உண்டு.

அரசுக் கூட்டத்தில் நீங்கள் பேசியதை யாராவது வீடியோ எடுத்தால் அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை, அது பொது இடம். தனி அறையில் பேசியதை உங்களிடம் கேட்காமல் வெளியே விடுவது வேறு விஷயம். கோவையில் மன்னிப்பு கேட்கப்பட்டதும் அதற்காகத்தான்.

ஓட்டல்காரர்களின் இன்னொரு பழைய புகார் மட்டும் அப்படியே இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடும் சாதாரண ஓட்டல் பில்லுக்கு 2017 நவம்பரில் இருந்து 5 சதவீத ஜிஎஸ்டி. ஆனால் ஓட்டல்காரர் வாங்கும் பொருளுக்கும் கட்டும் வாடகைக்கும் கொடுத்த வரியை, உள்ளீட்டு வரி வரவாக அவர் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அந்தச் செலவு கடைசியில் இட்லி, தோசை விலையில்தான் ஏறுகிறது. அடுத்த முறை நிதியமைச்சர் யாராவது கோவைக்கு வந்து மைக்கை நீட்டினால், அங்கே காத்திருக்கும் கேள்வி அதுதான்.