வெறுங்குலையிலிருந்து பிளாஸ்டிக் தாள்: எல்லாம் பதத்தில்தான்!

நெகிரி செம்பிலானில் பகாவ், ரந்தாவ் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். செம்பனைக் காட்டு ஓரங்களில், காய் உதிர்த்த வெறுங்குலைகள் குவிந்து கிடக்கும். ஆலைக்குள் போகும் 100 கிலோ குலையில் ஏறக்குறைய 22 கிலோ இப்படி மிஞ்சுகிறது. மரத்தடியில் பரப்பினால் உரம். குவியலாகவே விட்டுவிட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, இளமரத்தின் குருத்தைத் துளைக்கும்.

இந்தச் சக்கையில்தான் லிக்னின் இருக்கிறது. நாரோடு நாரைப் பிணைத்து மரத்தை நிமிர்த்தி நிறுத்தும் இயற்கைப் பசை அது. காய்ந்த குலையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. பிளாஸ்டிக்கோடு சேர்த்து மெல்லிய தாளாக்கினால், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். நாற்றுப் பைக்கும் பாத்தியில் விரிக்கும் தாளுக்கும் வேறென்ன வேண்டும்?

பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குலையிலிருந்து லிக்னினைப் பிரித்திருக்கிறார்கள். குலை நாரைக் காரத்தில் வேகவைத்தால் கருநீர் வடியும். அதில் ஆசிட் ஊற்ற, பழுப்பு நிற லிக்னின் திரிந்து அடியில் படியும். தோட்டத்துக்காரர்களுக்கு இது புதுக்கதையா? ஸ்டோரில் கித்தாப் பாலுக்கு ஆசிட் ஊற்றி உறைய வைத்தவர்கள் நம் பாட்டி தாத்தாக்கள். ஆசிட் கூடினால் ஷீட்டு இறுகிப் போகும். புகை போடும்போது சூடு 60 டிகிரியைத் தாண்டினால் கொப்புளம் விழும். அதே மரம், அதே பால்தான். ஆனால் ஒரு ஷீட்டு முதல் தரம், இன்னொன்று ஐந்தாம் தரம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தே தரம் சொன்ன கண்கள் அவை.

லிக்னின் தாளும் அப்படித்தான் பதம் கேட்கிறது. சோளம், கரும்பிலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக்கோடு அதைக் கலப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பிளாஸ்டிக் உருக 150 முதல் 180 டிகிரி சூடு வேண்டும். 200 டிகிரியை நெருங்கினாலோ லிக்னின் சிதைய ஆரம்பிக்கும். நிறம் கறுக்கும், கருகிய வாடை வரும். இடையில் இருப்பது குறுகலான வழி. கலவையில் ஈரம் இருந்தால் இன்னும் மோசம். சூட்டில் அந்த ஈரமே பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளை அறுத்துவிடும். தாள் மடக்கினால் ஒடியும். சரியாகக் கிளறாவிட்டால் லிக்னின் கட்டி கட்டியாக நிற்கும். இழுக்கும்போது கிழிசல் அந்தக் கட்டியில்தான் தொடங்கும். மலிவாக இருக்கிறதே என்று லிக்னினை அள்ளிக் கொட்டினாலும் தாள் நொறுங்கும்.

கையகலத் தாளை ஆய்வுக்கூடத்தில் செய்வது ஒன்று. மழைக்காலத்தில் ஈரக்குலை வரும் ஆலையில் நாள் முழுவதும் ஒரே பதத்தில் இழுப்பது வேறு. குலை நிறையக் கிடக்கிறது என்பதாலேயே இந்தத் தொழில் வந்துவிடாது. பதம் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த வேலை தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்று. லிக்னின் கலந்தது என்றாலே மக்கும் பை என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண பாலித்தீனில் கலந்தால் பாலித்தீன் பாலித்தீனாகவே கிடக்கும். பாலிலாக்டிக் அமிலத் தாள்கூட 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் உரக்குவியலில்தான் சீக்கிரம் மக்கும். வெறும் தோட்டத்து மண்ணில் புதைத்தால் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கலாம்.