கடலுக்கு இருபுறமும் ஒரு மலைக் குருவி

நாஞ்சில் நாட்டில் நெற்கதிர் முற்றியதும் கூட்டமாக வந்திறங்கும் சின்னஞ்சிறு சில்லைகளை நீங்கள் விரட்டியிருப்பீர்கள். அவற்றின் உறவுக்காரக் குருவி ஒன்று மலைச்சரிவுகளையே விரும்பி வாழ்கிறது. அதுதான் கருந்தொண்டைச் சில்லை. நீளம் 12 செ.மீ. கூம்பு போன்ற தடித்த அலகால் புல்விதையின் உமியை நீக்கித் தின்னும். புல்லால் பந்துபோல் கூடு கட்டும். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம், பிரித்தறிவது கடினம்!

இதே இனம் இலங்கையின் மலைநாட்டிலும் உண்டு. நம் பறவைக்கு வயிறு இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு; அங்குள்ளதற்கோ கறுப்பு வெள்ளைச் செதில் கோலம். நடுவே வெப்பமான சமவெளியும் கடலும் இருக்க, இரு மலைகளிலும் ஒரே இனம் எப்படி?

சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியூழியில், கடல்மட்டம் இன்றைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக் நீரிணை அப்போது தரை. சமவெளியும் குளிர்ந்திருந்தது. இத்தகைய காலங்களில் மலைப் பறவைகள் பரவி, வெப்பம் திரும்பியதும் மலைகளில் ஒதுங்கிப் பிரிந்திருக்கலாம் என்பது அறிவியலாரின் விளக்கம்.

1863-இல் ஜெர்டான் இதற்கு இலங்கை இயற்கையியலாளர் கெலார்ட்டின் பெயரைச் சூட்டினார். பின்னர் நம் மலைப் பறவைக்கு ஜெர்டானின் பெயரே வந்து சேர்ந்தது!

கீரிப்பாறைப் பக்கம் போனால், புல்வெளியில் சில்லைகளைக் கண்டதும் வயிற்றைக் கவனியுங்கள். செதில் கோலம் இருந்தால் அது வயல்களிலும் வரும் புள்ளிச் சில்லை.