பதினொரு பாத்திரம், 48 சாப்பாடு

ஓசூர் சிப்காட் பக்கத்து டீக்கடையில் எங்கள் தெருப் பையன் கேட்டான். "அண்ணா, பெங்களூர்ல பரிட்டோ பௌல்னு ஒண்ணு சாப்பிட்டேன். சோறு, ராஜ்மா, தக்காளி, அவ்வளவுதான். முந்நூறு ரூபா வாங்கிட்டான். அதுல அப்படி என்னண்ணா இருக்கு?"

அவன் ஸ்கூட்டர் கம்பெனியில் பயிற்சிக்கு இருக்கிறான். அதனால் அங்கிருந்தே ஆரம்பித்தேன். லைனில் வண்டி வரும்போது சீட்டு, டேங்க், கண்ணாடி எல்லாம் தயாராக இருக்கும். எந்த மாடல், என்ன நிறம் என்று பார்த்து மாட்டுவதுதான் உன் வேலை. அந்தக் கடையிலும் அதேதான். சோற்றில் இரண்டு வகை, பயறில் இரண்டு, கோழி பனீர் காளான் காய்கறி என்று நான்கு, சல்சா என்கிற பச்சடியில் மூன்று. மொத்தம் பதினொரு பாத்திரம். பெருக்கிப் பார், 48 விதமான கிண்ணம் வரும்.

அமெரிக்காவில் டென்வரில் 1993-இல் ஸ்டீவ் எல்ஸ் என்ற சமையல்காரர் பழைய ஐஸ்கிரீம் கடையொன்றில் தொடங்கிய சிப்போட்லேதான் இந்த வரிசை முறையைப் பிரபலமாக்கியது. மெக்சிகோ பரிட்டோவில் சுற்றியிருந்த கோதுமை ரொட்டியை எடுத்துவிட்டு, உள்ளே இருந்ததை மட்டும் கிண்ணத்தில் போட்டுத் தர ஆரம்பித்தது 2003-இல். பெங்களூரில் 2012-இல் கலிஃபோர்னியா பரிட்டோ என்ற கடை வந்தது. மெக்சிகோக்காரர் பார்த்தால் இதைத் தம் ஊர்ச் சாப்பாடு என்பாரா, சந்தேகம்தான்.

"அப்ப மெக்சிகோ எங்கண்ணா இருக்கு?"

ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் இருக்கிறது என்றேன். சிரித்தான். தக்காளி, மிளகாய், மக்காச்சோளம், தளி பக்கம் பசுமைக்குடிலில் விளையும் குடைமிளகாய், எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அரிசிதான் ஸ்பானியரோடு மெக்சிகோவுக்குப் போன விருந்தாளி. உங்கம்மா பொரியல் செய்யும் பீன்ஸும் ராஜ்மாவும் ஒரே இனம், ரகம்தான் வேறு. பிஞ்சில் பறித்தால் பொரியல், முற்றவிட்டுக் காயவைத்தால் பயறு. இதை மட்டும் அவன் நம்பவில்லை. டீ மாஸ்டரும்தான்.

சோற்றோடு பயறு சேர்வதற்குக் காரணம் உண்டு. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பயறில் அது தாராளம். பயறில் குறைகிற மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும். நம் சாம்பார் சாதமும் இதே கணக்கு. ஆனால் நம் மெஸ்ஸில் சாம்பார், ரசம், மோர் என்று ஒன்று முடிந்து ஒன்று வரும். அங்கே எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே கிண்ணத்தில். அதனால்தான் சோறு குழையக் கூடாது. எலுமிச்சையும் கொத்தமல்லியும் போட்டு உதிரியாக வைக்கிறார்கள். சல்சாவில் நீர் மிஞ்சினால் பாதியிலேயே கஞ்சி.

வீட்டில் செய்தால் ராஜ்மாவில் கவனம். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரைமணி நேரமாவது தளதளவென்று கொதிக்கவைக்கணும். அரைவேக்காட்டுப் பயறு நாலைந்து போதும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். லெக்டின் என்ற நச்சு அதில் இருக்கிறது.

"ராஜ்மாவே வேணும்னு இருக்காண்ணா?"

மார்கழியில் அவரை வரட்டும், பிதுக்குப் பருப்பைப் போட்டுப் பார் என்றேன். "அப்ப பன்னிரண்டாவது பாத்திரம்" என்று கணக்குப் போட ஆரம்பித்தான். 72 வந்தது. அதற்குள் ஷிப்ட் பஸ்ஸும் வந்துவிட்டது.