‘பசுவின் கை’ என்றொரு பிடி

வாசகர்களே, உங்கள் வலது கையை இறுக மூடிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஒரு வெள்ளிக் காசை யாரும் பிடுங்க முடியாதபடி மூடிக்கொள்ளுங்கள். இப்போது இடது கையால் அந்த முஷ்டியைப் பற்றி, மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கிப் பாருங்கள். மெல்ல, மெல்ல! என்ன ஆகிறது? நீங்கள் விரும்பாமலே விரல்கள் தளர்கின்றன அல்லவா? மணிக்கட்டு உள்ளே மடங்கினால் புறங்கையில் ஓடும் தசைநாண்கள் இழுபட்டு விரல்களைத் திறக்கப் பார்க்கின்றன. உள்ளங்கைப் பக்கத்து நாண்களோ தொய்ந்து பலம் இழக்கின்றன. இரும்பு போன்ற கைக்காரனுக்கும் இதே கதிதான்.

இந்தச் சின்ன உண்மையை முதலாக வைத்து நடக்கும் ஒரு பிடியைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். பிரேசிலிய ஜுஜுட்சு என்னும் தரைமல்யுத்தக் கலையில் இதற்குப் பெயர் மணிக்கட்டு மடக்கு. எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். என் அக்காள் மகன் இந்தப் பிடியால் தன் நண்பனின் கையைக் கெடுத்தான். அதனால் வந்த அக்கறை.

பையனுக்கு வயது 23. பட்டணத்தில் வேலை. வாரத்தில் மூன்று நாள் மாலையில் பயிற்சிக்குப் போவான். கூடவே போகிறவன் பள்ளித் தோழன், மோட்டார் பட்டறையில் வேலை செய்பவன். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், இருவருமே வெள்ளைப் பட்டை. ஒரு நாள் இரவு நம் பையன் கைத்தொலைபேசியில் யாரோ மணிக்கட்டை மடக்கும் படத்தைப் பார்த்திருக்கிறான். மறுநாள் பயிற்சியில் அவன் கீழே மல்லாந்து கிடக்க, நண்பன் மேலிருந்து உள்ளங்கையை அவன் நெஞ்சில் ஊன்றினான். ‘இதுதான் சமயம்’ என்று இவன் அந்தக் கையைப் பற்றி ஒரே வெட்டாக மடக்கிவிட்டான். நண்பன் மறு கையால் தரையைத் தட்டத்தான் செய்தான். தட்டுவதற்குள் ‘டக்’ என்ற சத்தம் முந்திக்கொண்டது.

ஆறு வாரம் அவனால் ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. பட்டறையில் தினக்கூலி. கை ஓடினால்தான் காசு.

பெலேம் நகரமும் நம் பால் மரமும்

நடந்ததை மேலே சொல்வதற்கு முன் இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். இதில் தோட்டத்து மக்களாகிய நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. படித்தபோது எனக்கே வியப்பாகத்தான் இருந்தது.

ஜப்பானில் ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் 1882ஆம் ஆண்டு ஜூடோ கலையைத் தோற்றுவித்தார். அவருடைய கோடோகன் பள்ளியில் தேறியவர் மிட்சுயோ மாயேடா. ஊர் ஊராகச் சென்று பந்தயம் கட்டிச் சண்டை போட்டவர். 1914இல் பிரேசில் நாட்டுக்கு வந்தார். பல ஊர்களைச் சுற்றி, கடைசியில் அமேசான் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய பெலேம் நகரில் தங்கிவிட்டார். பெலேம், பாரா மாநிலத்தின் தலைநகரம். ரப்பருக்குப் ‘பாரா ரப்பர்’ என்று பெயர் வந்தது இந்த மண்ணால்தான்.

1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22, அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. நம் பாட்டனும் பூட்டனும் விடிகாலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டிய மரங்கள் அந்த வம்சம். மலாயாவின் பால் உலகச் சந்தையில் பெருகியதும் அமேசான் ரப்பரின் கொழுத்த காலம் முடிந்தது. மாயேடா வந்து இறங்கிய பெலேம், அப்படி வியாபாரம் படுத்துப் போன ஊர்.

அந்த ஊரில்தான் கார்லோஸ் கிரேசி என்ற இளைஞர் மாயேடாவிடம் பாடம் கேட்டார். பிறகு அவர் குடும்பம் ரியோ டி ஜெனீரோவுக்குப் பெயர்ந்தது. 1925இல் அங்கே பயிற்சிக்கூடம் திறந்தார்கள். கார்லோசும் அவர் தம்பி ஹீலியோவும் மற்ற சகோதரர்களும் தரையில் படுத்துப் போடும் சண்டையையே பிரதானமாக எடுத்து வளர்த்தார்கள். 1993இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த போட்டியில் ஹீலியோவின் மகன் ராய்ஸ், தன்னைவிடப் பெரிய ஆட்களை மடக்கிக் காட்டிய பிறகு உலகமெங்கும் இதற்கு மவுசு வந்துவிட்டது. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஜுஜுட்சு முதல் முறையாக இடம் பெற்றது. இன்று கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் எங்கும் கூடங்கள் இருக்கின்றன.

மணிக்கட்டுப் பிடிக்குப் பிரேசில்காரர்கள் வைத்த பெயர் ‘மாவோ ஜி வாக்கா’. பசுவின் கை என்று பொருள். மடங்கிய கை பசுவின் குளம்பைப் போல இருப்பதால் இருக்கலாம். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று நாம் சொல்லும் ஆளையும் அந்த நாட்டில் இதே பெயரால்தான் அழைக்கிறார்களாம்!

பிடி எப்படி வேலை செய்கிறது?

பையன் என்னை ஒரு மாலை கூடத்துக்கு அழைத்துப் போனான். உதை, குத்து எதுவும் இல்லை. பாய்விரிப்பில் ஜோடி ஜோடியாகப் புரள்கிறார்கள். பயிற்சியாளர் பழுப்புப் பட்டை பெற்ற ஒரு சீன இளைஞர். நான் அங்கிள், அவர் கோச். மலாயும் ஆங்கிலமும் கலந்து பொறுமையாக விளக்கினார். (பிரேசிலில் கறுப்புப் பட்டை ஆசிரியரைப் ‘புரொஃபசர்’ என்பார்கள். வாத்தியார் என்ற அளவில்தான் பொருள். பல்கலைக்கழகத்தைத் தேட வேண்டாம்.)

“அங்கிள், எல்லாரும் கையை மடக்குவதுதான் பிடி என்று நினைக்கிறார்கள். பிடி முழங்கையில் இருக்கிறது” என்று என் கையையே எடுத்துக்கொண்டார். என் புறங்கையில் தம் உள்ளங்கையை வைத்து மடக்கினார். நான் முழங்கையைப் பின்னால் இழுத்தேன், கை சுலபமாக வந்துவிட்டது. இரண்டாம் முறை என் முழங்கையை வளைத்துத் தம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அது பின்னால் போக இடமில்லை. அப்புறம் புறங்கையை லேசாக என் முன்கை நோக்கி அழுத்தினார். நான் “போதும், போதும்” என்றேன். அவர் பலமே போடவில்லை.

அதாவது, முழங்கைக்குத் தப்பி ஓட வழி இருக்கும்வரை மணிக்கட்டுக்கு ஆபத்தில்லை. அந்த வழியை அடைத்துவிட்டால் இரண்டு விரல் பலம் போதும்.

எதிரி மேலிருந்து நெஞ்சில் கை ஊன்றும்போது இது கிடைக்கும். இடுப்பைத் தள்ள வரும் கையில் கிடைக்கும். எல்லாவற்றையும்விட நன்றாகக் கிடைப்பது, முழங்கைப் பூட்டிலிருந்து தப்ப ஒருவன் தன் இரு கைகளையும் கோத்துக்கொள்ளும்போது. அந்தக் கோப்பை இழுத்துப் பிரிக்க மூச்சுத் திணறப் பாடுபடுவார்கள். மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கினால், தொடக்கத்தில் நீங்கள் செய்து பார்த்தீர்களே, அதேபோல் விரல்கள் தாமே அவிழ்ந்துவிடும். கை அவிழ்ந்த பின் முழங்கைப் பூட்டைப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே தேர்ந்தவர்களிடம் இது பாதி நேரம் ஒரு மிரட்டல்தான். கையைக் கண்ட இடத்தில் ஊன்றாதே என்று எதிரிக்குச் சொல்லும் எச்சரிக்கை.

சரி, இவ்வளவு எளிதான பிடியை ஏன் பலர் வெறுக்கிறார்கள்? சில கூடங்களில் இதை இழிந்த தந்திரம் என்றே முகம் சுளிப்பார்களாம். காரணம் தூரம். நீட்டிய கையை முழங்கையில் பூட்டும்போது கை நேராகிக்கொண்டே வரும், தட்டுவதற்குச் சற்று அவகாசம் இருக்கும். மணிக்கட்டில் அந்த அவகாசம் இல்லை. சாதாரணமாகச் சுமார் 80 பாகை உள்ளே மடங்கும் மூட்டு அது. வலி தொடங்கும் இடத்துக்கும் கிழியும் இடத்துக்கும் நடுவில் கொஞ்சமே தூரம். உள்ளே எட்டுச் சிற்றெலும்புகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் கட்டி வைத்திருப்பவை சின்னச் சின்ன தசைநார்கள். வெடுக்கென்று மடக்கினால் முதலில் சேதமாவது இவைதான்.

இதனால்தான் அனைத்துலக பிரேசிலிய ஜுஜுட்சு சம்மேளனத்தின் போட்டி விதிகளில் வெள்ளைப் பட்டைக்காரர்களுக்கும் சிறுவர்களுக்கும் இந்தப் பிடி தடை. வயது வந்தோரில் நீலப் பட்டை முதல்தான் அனுமதி. ஜூடோ இன்னும் கண்டிப்பு, போட்டியில் முழங்கையைத் தவிர வேறு மூட்டைத் தொடக்கூடாது. அக்கிடோ கலையில் மணிக்கட்டுப் பிடிகள் ஏராளம். ஆனால் அங்கே பிடிபட்டவன் திருப்பத்தோடு சேர்ந்து விழப் பழகியிருக்கிறான். இங்கே அவன் பாயோடு பாயாக அழுத்தப்பட்டுக் கிடக்கிறான். விழுந்து தப்ப இடம் ஏது?

தட்டுவதில் என்ன வெட்கம்?

1951 அக்டோபரில் ரியோவின் மரக்கானா அரங்கில் ஹீலியோ கிரேசி, ஜப்பானின் மசஹிகோ கிமுராவுடன் மோதினார். கிமுரா கையைப் பின்னால் முறுக்கினார். கை முறிந்தும் ஹீலியோ தட்டவில்லை. அவர் தரப்பினர்தான் துண்டை எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்தப் பிடிக்கே இன்று ‘கிமுரா’ என்று பெயர். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை மாலைப் பயிற்சி மரக்கானா அரங்கம் ஆகுமா? மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிற கை அல்லவா?

கோச் தம் கூடத்தில் வைத்திருக்கும் ஏற்பாட்டைச் சொன்னார். புரளத் தொடங்குமுன் ‘மணிக்கட்டு உண்டா, இல்லையா’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் இல்லை, ஏன் என்று கேட்கக்கூடாது. ரொட்டி சானாய் வீசுகிறவருக்கும் தாதிக்கும் தையல்காரருக்கும் மணிக்கட்டுதான் சோறு. உண்டு என்றால், முதலில் முழங்கையை அடைக்க வேண்டும், பிறகு நிறுத்த வேண்டும். எதிரிக்கு ‘மாட்டிக்கொண்டோம்’ என்று புரிய ஒரு மூச்சு நேரம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் அழுத்தம். வெட்டி மடக்குவது அறவே கூடாது. அவர் தட்டாமல் முறுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிட்டு வேறு பிடிக்குப் போய்விட வேண்டும். பிடிபட்டவனும் வலிக்கட்டும் என்று காத்திருக்கக்கூடாது. கையால் தட்ட முடியாவிட்டால் காலால் தட்டலாம், வாயால் சொல்லலாம்.

புதியவர்களுக்கு இதைக் கற்பிக்கலாமா என்பதில் ஆசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. காட்டினால் செய்து பார்ப்பார்கள் என்பது ஒரு கட்சி. காட்டாவிட்டால் திருட்டுத்தனமாகக் கற்றுச் செய்வார்கள் என்பது இன்னொரு கட்சி. நம் பையன் கதை இரண்டாம் கட்சிக்குச் சாட்சி. என்னைக் கேட்டால், மாட்டிக்கொள்ளாமல் இருக்கும் வழியை முதல் மாதமே சொல்லித் தந்துவிட வேண்டும். கையைத் தட்டையாக எதிரியின் உடம்பில் ஊன்றாதே, முழங்கையை உன் விலாவோடு வைத்துக்கொள், மாட்டினால் முழங்கையைப் பின்வாங்கு. மடக்கும் வித்தை பிறகு வரட்டும்.

பெற்றோருக்கு இன்னொன்று. அடிபட்ட கையை எடுத்துக்கொண்டு நேரே எண்ணெய் போட்டு நீவுகிறவரிடம் ஓடாதீர்கள். நம் வீடுகளில் அதுதான் முதல் வைத்தியம், எனக்குத் தெரியும். முதலில் டாக்டர். குறிப்பாகக் கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரலின் அடியில் உள்ள குழியில் அழுத்தினால் வலித்தால், அங்குள்ள சிற்றெலும்பு விரிந்திருக்கக்கூடும். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். பத்துப் பதினைந்து நாளில் மறுபடம் எடுக்கச் சொன்னால் அலட்சியம் வேண்டாம். அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய்விடும்.

நண்பனுக்கு எலும்பு தப்பியது, தசைநார்தான் பிசகியிருந்தது. நம் பையனைக் கோச் திட்டவில்லை. மூன்று மாதம் மணிக்கட்டைத் தொடக்கூடாது என்றார். அதோடு, மூத்த மாணவர்கள் அந்தப் பிடியைப் பழகும்போதெல்லாம் கை கொடுப்பவன் இவன்தான் என்றும் சொல்லிவிட்டார். “மாமா, அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது, எவ்வளவு சீக்கிரம் வலிக்குதுன்னு” என்றான். அந்த ஆறு வாரமும் சனி, ஞாயிறு பட்டறைக்குப் போய் நண்பனுக்குப் பதிலாக நட்டு முடுக்கினான். நண்பனின் தாயார் முதல் இரண்டு வாரம் இவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மூன்றாம் வாரம் “சாப்பிட்டியா?” என்று கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது பையனின் கண் கலங்கியது.

நான் போன அன்று இருவரும் மறுபடி ஜோடி சேர்ந்திருந்தார்கள். புரளுமுன் நண்பன்தான் கேட்டான், “கட்டு உண்டாடா?” நம் பையன் கொஞ்சம் யோசித்துத் தலையசைத்தான். மூன்று நிமிடம் இருக்கும். நண்பன் அவன் முழங்கையை நெஞ்சோடு அணைத்து, புறங்கையில் தன் உள்ளங்கையை வைத்தான். வைத்ததுதான் தாமதம், நம் பையன் படபடவென்று தரையைத் தட்டினான்.

“டேய், நான் இன்னும் மடக்கவே இல்லடா!” என்று நண்பன் சிரித்தான்.